ஒரே கையெழுத்தில் இரண்டு நோட்டு

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் 1997 முதல் 2011 தொடக்கம் வரை கணக்கு எழுதினேன். என் மேசையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று கொள்முதல் நோட்டு. சாயம், சோடா ஆஷ், காஸ்டிக், பெராக்சைடு, இவை எல்லாவற்றையும்விட அதிகமாக உப்பு. இன்னொன்று கழிவுநீர் நோட்டு. இன்று எத்தனை லிட்டர் தண்ணீர் உள்ளே வந்தது, எத்தனை லிட்டர் வெளியே போனது, போன தண்ணீரில் கரைந்திருந்த உப்பு எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். முதல் நோட்டில் ஒரு மூட்டைகூடத் தப்பியதில்லை. உப்புக்காரருக்கு மாதம் பிறந்தால் பணம் தீர்க்க வேண்டும். இரண்டாவது நோட்டில் நான் உண்மையாக ஒரு வரியும் எழுதியதில்லை.

முதல் மாதம் முதலாளிதான் எண்ணைச் சொன்னார். இரண்டாவது மாதத்திலிருந்து அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் என்ன காரணம் சொன்னாலும், யாரோ கையைப் பிடித்து எழுத வைத்தார்கள் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது. தண்ணீருக்குள் நூலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் தண்ணீரை விட்டு நூலுக்குப் போகும். பிறகு சோடா ஆஷ் போட்டு அதை நூலோடு பிடிக்க வைப்பார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும், மீதி அலசலில் போகும். உப்போ ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. சாயத்தை ஏற்றிவிட்டதும் அதன் வேலை முடிந்தது. போட்டது மொத்தமும் தண்ணீரோடு வெளியே வரும். ஷேடு கறுக்கக் கறுக்க உப்பு கூடும். கறுப்பு, நேவி, மெரூன் என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். பழைய விஞ்ச் மெஷினில் 100 கிலோ துணிக்கு 2,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பெருக்கினால் 160 கிலோ உப்பு. துணியைவிட உப்புக்கு எடை அதிகம். கறுப்பு டீ-சர்ட் லாட் வந்த வாரங்களில் உப்பு லாரி இரண்டு முறை வரும்.

அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய எங்களுக்குச் சொந்தமாகத் தொட்டிகள் இருந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்குவோம். நிறம் கசடாக அடியில் இறங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினால் பார்க்க வருபவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் கரைந்த உப்பு அதில் அப்படியேதான் இருக்கும். நாங்கள் போட்ட ரசாயனங்களால் இன்னும் கொஞ்சம் கூடியும் இருக்கும். ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. எங்கள் கடைசித் தொட்டியில் மீட்டரை வைத்தால் ஆறாயிரம், ஏழாயிரம் என்று காட்டும். நோட்டில் 1,980 என்று எழுதுவேன். மறுநாள் 2,040. அதற்கடுத்த நாள் 1,960. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் சந்தேகம் வருமே என்று மாற்றி எழுதும் கவனம் எனக்கு இருந்தது. அந்தக் கவனத்தை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு மிகவும் கூசுகிறது.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். இத்தனை மூட்டை உப்பு உள்ளே வந்தது, துணியில் அது நிற்காது, அப்படியானால் எங்கே போயிருக்கும்? நான் பி.காம். படித்தவன். வரவும் செலவும் பொருந்தாத இடத்தில் பேனாவை வைத்து நிறுத்தத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாள் மாலையும் அந்த இடத்தைத் தெரிந்தே தாண்டிப் போனேன்.

உப்பு போன இடம் நொய்யல்.

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைச் சரிவுகளில் இறங்கும் சிற்றாறுகள் கூடி நொய்யலாகின்றன. பழைய பேர் காஞ்சிமாநதி. ஆலாந்துறைப் பக்கம் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வந்து, சித்திரைச்சாவடி அணைக்கட்டில் கொஞ்சம் வாய்க்காலுக்குக் கொடுத்து, பேரூர்ப் பட்டீஸ்வரர் கோயில் பக்கமாக நகரத்துக்குள் நுழையும். அதன் நீளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகளும் முப்பதுக்கும் மேற்பட்ட குளங்களும் உண்டு. கொங்குச் சோழர் காலத்து வேலை என்பார்கள். ஒரு குளம் நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி வெட்டியிருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், சூலூர், பிறகு சாமளாபுரம், மங்கலம், திருப்பூர். திருப்பூரில் நல்லாறும் ஜம்முனை ஓடையும் சேரும். அதைத் தாண்டி ஒரத்துப்பாளையம், ஆத்துப்பாளையம் என்று இரண்டு அணைகள். கடைசியில் கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரில் காவிரியில் கலக்கும். மலையிலிருந்து காவிரி வரை 170 கிலோமீட்டர் சொச்சம்.

வழியில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணி அறுத்துப் பட்டை தீட்டிய கூடங்களின் தடயங்களும் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் உலை எரிந்திருக்கிறது, கடல் தாண்டிய வணிகம் நடந்திருக்கிறது. அந்தத் தொழிற்காரர்கள் அதே ஆற்றில் குடித்தும் குளித்தும் இருந்திருப்பார்கள். தொழில் வந்தால் ஆறு கெடத்தான் செய்யும் என்று டீக்கடையில் யாராவது பேசும்போதெல்லாம் நானும் தலையாட்டியவன். தலையாட்டும்போது கொடுமணல் நினைவுக்கு வரும். சின்ன வயதில் அந்த மேடுகளில் உடைந்த மணி பொறுக்கியிருக்கிறேன்.

நொய்யல் மழைக்கால ஆறு. கோடையில் மணல் தெரியக் கிடப்பதுதான் அதன் இயல்பு. 1980களின் பிற்பாதியில் பனியன் ஏற்றுமதி பெருகி, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் வந்தபின் திருப்பூருக்குக் கீழே அது ஆண்டு முழுக்க ஓடியது. நாளொன்றுக்கு எட்டு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர். சித்திரை வெயிலிலும் ஊதாவாக, ஒரு நாள் பச்சையாக, மறுநாள் செங்கல் நிறத்தில். அந்த வாரம் எந்த ஷேடு ஓடுகிறது என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரத்துப்பாளையம் அணையை 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டி 1992இல் திறந்தார்கள். என் தாய்மாமன் ஒருவருக்குச் சென்னிமலைக்குத் தெற்கே அந்த ஆயக்கட்டில் காடு. அணை வந்தபோது அவர் தென்னை வைத்தார். மஞ்சள் போட்டார். வானம் பார்த்த பூமியில் கால்வாய்த் தண்ணீர் பாயப் போகிறது என்று ஊரில் கிடா வெட்டி விருந்து வைத்தார்கள். நான் அந்த விருந்தில் சாப்பிட்டவன்.

பாய்ந்தது எங்கள் தண்ணீர். சில போகங்களிலேயே தெரிந்துவிட்டது. தென்னையில் மட்டை நுனி கருகியது, குரும்பை உதிர்ந்தது. மஞ்சள் முளைத்து மேலே வரவில்லை. சோடியம் ஏறினால் களிமண்ணின் துகள்கள் கலைந்து இறுகிவிடும். தண்ணீர் கீழே இறங்காது, காற்றும் போகாது. உழுதால் பாளம் பாளமாகப் பெயரும். மாடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் திரும்பின. 1990களின் பின்பாதியில் பாசனத்துக்குத் திறப்பதையே நிறுத்தினார்கள். தண்ணீர் கேட்டுப் போராடிய விவசாயிகள், அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று கேட்டுப் போராடும்படி ஆயிற்று. தேங்கியது நிலத்தடியில் இறங்கிச் சுற்றியிருந்த கிணறுகளையும் கெடுத்தது. வாய்க்காலுக்குத் திறந்தாலும் கேடு, அணையிலேயே வைத்திருந்தாலும் கேடு, ஆற்றில் விட்டால் காவிரிக்குக் கேடு.

அந்த நாட்களில் ஒரு நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா கிணற்றிலிருந்து ஒரு கேனில் தண்ணீர் மொண்டு வந்து திண்ணையில் வைத்தார்.

“மாப்ள, நீ சாயப்பட்டறையிலதானே இருக்கறே. இதுல என்ன கலந்திருக்குதுன்னு சொல்லு. வாயில வெக்க முடியலை.”

வாயில் வைத்தேன். எனக்கு மீட்டர் தேவைப்படவில்லை. எங்கள் கடைசித் தொட்டித் தண்ணீரின் கரிப்பு எனக்குத் தெரியும்.

“சுண்ணாம்புப் பாறை ஊத்துங்க மாமா. ஒரு மழை நல்லாப் பேஞ்சா செரியாயிருமுங்க” என்றேன்.

அவர் நம்பினார். தங்கச்சி மகன், படித்தவன், அந்தத் தொழிலிலேயே இருப்பவன் சொல்கிறான். அந்த நம்பிக்கையில் இன்னும் இரண்டு வருடம் அதே கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறு பிழைத்திருக்காது. ஆனால் அவர் தண்ணீர் விடுவதை நிறுத்தி, மழையை மட்டும் நம்பிச் சோளமோ கொள்ளோ விதைத்திருப்பார். இரண்டு வருட உப்பாவது அந்த மண்ணில் ஏறாமல் இருந்திருக்கும். நோட்டில் எழுதிய பொய்களுக்குப் பட்டறை, முதலாளி, ஊர் வழக்கம் என்று பங்குதாரர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொய்யில் எனக்குக் கூட்டு யாரும் இல்லை.

சூழல் இழப்புக்கான ஆணையம் 2004இல் நொய்யல் பாசன விவசாயிகள் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தது. செய்தி வந்த அன்று அலுவலகத்தில் கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஒன்பதாயிரத்தைத் தொடவில்லை. எங்கள் பட்டறையின் ஒரு மாத உப்புச் செலவு அதைப்போலப் பல மடங்கு. வகுத்துப் பார்த்த தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அன்றைய கழிவுநீர் நோட்டை எழுதினேன்.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் மோசம். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடும் பட்டறைகள் லிட்டருக்கு 6 காசில் தொடங்கிப் படிப்படியாக 10 காசு வரை அபராதம் கட்ட வேண்டும் என்றது. அதுவரை என் நோட்டுப் பொய் எண்களாகக் கிடந்தது. அந்த நாளிலிருந்து ஒவ்வொரு லிட்டருக்கும் ரூபாய் மதிப்பு வந்தது. வெளியே போன லிட்டரைக் குறைத்து எழுதினால் பட்டறைக்கு லாபம். குறைத்து எழுதினேன். சாயம் போட்ட துணியின் எடை எனக்குத் தெரியும், கிலோவுக்கு எத்தனை லிட்டர் ஆகும் என்பதும் தெரியும், அதில் பாதிக்கும் கீழே எழுதினேன். அது என் மாமாவின் காட்டைக் கெடுத்ததற்கான விலை. அதிலிருந்துதான் எடுத்தேன். அடுத்து வந்த தீபாவளிக்கு எனக்கு போனஸ் கூடுதலாக வந்தது. வாங்கிக்கொண்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களையும் மறைக்கக் கூடாது. பட்டறையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். வெந்நீர் ஆவியிலும் ஆசிட் நெடியிலும் வெறுங்காலோடு நின்று வேலை செய்தவர்கள். நோட்டில் உண்மையை எழுதினால் இவர்களெல்லாம் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கவலை பொய்யில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொன்னபோது அவர்கள் தெருவுக்குத்தான் வந்தார்கள். பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனதைப் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த நாளைக் கொண்டுவந்ததே எங்கள் நோட்டுகள்தான். 1997இலேயே எண் உண்மையாக இருந்திருந்தால், சுத்திகரிப்புக்கு அப்போதே வழி தேடியிருப்பார்கள். படிப்படியாக நடந்திருக்க வேண்டியது ஒரே நாளில் பூட்டாக வந்து விழுந்தது.

இரண்டாவது காரணம், இந்த உப்பை நீக்க முடியாது, இதற்கு வழியே இல்லை என்று நான் நம்பியது. முதலாளிகள் கூட்டத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்வேன். மூடிய பிறகு வழி வந்தது. தமிழ்நாடு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்தார்கள். மிஞ்சிய உப்புநீரைச் சுத்தம் செய்து மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்பினார்கள். மீதியை ஆவியாக்கினார்கள். ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற விதிக்குள் திருப்பூர் இன்று சாயம் போடுகிறது. செலவு அதிகம், மின்சாரம் அதிகம், மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேர்கிறது. இருந்தாலும் முடிகிறது. முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அதற்கான தேவையையே காகிதத்தில் இல்லாமல் செய்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு வாய்ப்பும் வந்தது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது விவசாயிகள் தரப்பிலிருந்து ஒருவர் என்னைத் தேடிப் பிடித்தார். கழிவுநீர் நோட்டை அவர் கேட்கவில்லை. “உப்பு பில் நகல் மட்டும் குடுங்க போதும், மத்ததை நாங்க கணக்குப் போட்டுக்கறோம்” என்றார். எந்த நோட்டில் உண்மை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அப்படி எதுவும் என்னிடம் இல்லை, முதலாளி வீட்டில் இருக்கும் என்றேன். பில் கோப்பு என் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. மேல் தட்டு.

இப்போது நூல் கடையொன்றில் வேலை. ஆற்றைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. கோவையின் சாக்கடை இன்னும் அதில் கலக்கிறது. குளங்களுக்குப் போகும் வாய்க்கால்கள் பல இடங்களில் அடைபட்டும் ஆக்கிரமிப்பிலும் கிடக்கின்றன. மணல் அள்ளிய இடங்கள் பள்ளமாகவே இருக்கின்றன. மழை பெய்த மறுநாள் வெண்ணுரை மிதந்து வருவதைப் பார்த்தால், எங்கோ ஒரு பட்டறையில் யாரோ மழைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் காவிரிக் கரையிலும் இதே கதை உண்டு. சோதனைக்குப் போகிறவர்கள் கழிவுநீர் நோட்டைக் கடைசியில் பார்க்கட்டும். முதலில் உப்பு பில்லைக் கேட்கட்டும். வாங்கிய உப்பு, மீட்டு மறுபடி போட்ட உப்பு, கொட்டகையில் மூட்டையாக இருக்கும் உப்பு, மூன்றையும் வைத்தால் போதும். குறைவது எவ்வளவோ அது ஆற்றில். இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சென்ற தை மாதம் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எண்பதை நெருங்குகிறது. தென்னை இருந்த இடத்தில் வேலிமுள் காடாக நிற்கிறது. மகன் பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போகிறான். குடிக்க இன்னும் விலைத் தண்ணீர்தான். நான் பேசி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கோபப்படுவார், எழுந்து போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கணக்குக் கேட்டார்.

“எத்தன மூட்டை?”

“வருசத்துக்கு ஆறாயிரம் இருக்குமுங்க மாமா. அம்பது கிலோ மூட்டை.”

“எத்தன வருசம்?”

“நான் இருந்தது பதினாலு வருசமுங்க.”

“அன்னிக்கு நான் கேன்ல மொண்டாந்து கேட்டனே, அப்பவே தெரியுமா?”

“தெரியுமுங்க.”

வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “இத எழுதிக் குடு. வாயில சொன்னா நின்னுக்குமா? நானும் போயிருவேன், நீயும் போயிருவே. காடு இங்கயேதானே இருக்கும்” என்றார்.

இதை அதற்காகத்தான் எழுதுகிறேன். நாளொன்றுக்கு இரண்டு டன் துணி, கிலோவுக்குச் சராசரி அரைக் கிலோ உப்பு, ஆண்டுக்கு 300 டன். அதில் பெரும்பகுதி சுத்தம் செய்யப்படாமல் நொய்யலில் போனது. பகலில் கொஞ்சம், இரவில் கொஞ்சம், மழை இரவுகளில் தேக்கி வைத்தது எல்லாம். மாமா கடைசியாக ஒன்று கேட்டார், மழை ராத்திரியில் வால்வைத் திறந்துவிட்டது யார் என்று. திறந்தது காவல்காரர். மழை பிடிக்கிறது, திற என்று வீட்டிலிருந்து அவருக்குப் போன் செய்தது முதலாளி அல்ல. நான்.